ட்ரைஃபாரி சேவல் ப்ரோச்: அசலா? கறுத்த கல்லை மாற்றலாமா?

மணிக்கோவை:
ஏலத்தில் எடுத்த அமெரிக்கச் சேவல் ப்ரோச். வயிறு முழுக்கக் கண்ணாடி மாதிரி லூசைட் (தெளிந்த அக்ரிலிக் பிளாஸ்டிக்), வாலில் பொடி வெள்ளைக் கற்கள். பின்னால் கிரீட முத்திரையுடன் ட்ரைஃபாரி கம்பெனியின் பெயர், ஸ்டெர்லிங், டிசைன் பேட்டன்ட் எண். மூன்று கல் கறுத்திருக்கின்றன, ஒன்று விழுந்துவிட்டது. எந்த வருடத்தது? விற்றவர் ஆல்ஃப்ரெட் பிலிப் வடிவமைப்பு என்கிறார், நம்பலாமா? பூந்திக்கொட்டைத் தண்ணீரில் ஊறவைத்துக் கழுவலாமா?

முலாம்:
ஊறவைக்கவே வேண்டாம். கல்லுக்கு அடியில் வெள்ளி நிற ஃபாயில் ஒட்டியிருக்கும், பளபளப்பே அதனால்தான். ஈரம் உள்ளே போனால் அந்த ஃபாயில் கறுக்கும், பிறகு எதைப் போட்டுத் துடைத்தாலும் தெளியாது. உங்கள் மூன்று கல்லுக்கும் இதுதான் நடந்திருக்கிறது, மாற்றத்தான் வேண்டும்.

வருடத்துக்கு முத்திரையைப் பாருங்கள். போர்க்காலத்தில், 1942 முதல், சாதாரண உலோகக் கலவைக்குக் கட்டுப்பாடு வந்ததால் கம்பெனிகள் ஸ்டெர்லிங் வெள்ளியில் வார்த்துத் தங்க முலாம் பூசின. ட்ரைஃபாரி சுமார் 1947-இல் அதைக் கைவிட்டு ட்ரைஃபாரியம் என்ற சொந்தக் கலவைக்குப் போனது. வட்டத்துக்குள் 'சி' போட்ட பதிப்புரிமை (காப்பிரைட்) குறி 1955-க்குப் பிறகுதான். நகை வடிவமும் கலைப்படைப்பே என்று சாரல் கம்பெனிக்கு எதிராக ட்ரைஃபாரி போட்ட வழக்கில் அந்த வருடம் தீர்ப்பு வந்தது. ஸ்டெர்லிங்கும் அந்த 'சி'யும் ஒரே நகையில் இருந்தால் சந்தேகப்படுங்கள்.

வார்ப்புக்காரர்:
முத்திரையை மட்டும் நம்பாதீர்கள், இப்படி லூசைட் வயிறு வைத்த 'ஜெல்லி பெல்லி' ப்ரோச்சுக்குப் போலி நிறைய. அசலிலிருந்து ரப்பர் அச்சு எடுத்து, அதில் மெழுகு மாதிரி செய்து வார்ப்பதால், ரப்பரும் மெழுகும் சுருங்கிப் போலி சற்றே சிறிதாகிவிடும். உறுதியான அசலின் அளவு கிடைத்தால் வெர்னியர் அளவுகோலில் ஒப்பிடுங்கள். பத்து மடங்கு லூப்பில் (நகைக்காரர் பூதக்கண்ணாடி) இறகுக் கோடுகளையும் முத்திரை எழுத்தின் ஓரத்தையும் பாருங்கள். அசலில் கூர்மையாக இருக்கும், போலியில் கரைந்த சோப்பு மாதிரி மழுங்கியிருக்கும்.

வடிவமைப்பாளர் கேள்விக்கு அந்த பேட்டன்ட் எண்ணே பதில். கூகுள் பேட்டன்ட்ஸில் எண்ணுக்கு முன் யுஎஸ்டி என்ற ஆங்கில எழுத்துகளைச் சேர்த்துத் தேடினால் வரைபடமும் வடிவமைப்பாளர் பெயரும் வரும். 1940-களின் முற்பகுதி எண்கள் 1,30,000-ஐ ஒட்டியிருக்கும். வரைபடத்து வால் இறகுகளை எண்ணி உங்களுடையதோடு ஒத்துப்பாருங்கள். டேவிட் மிர் என்ற இன்னொரு வடிவமைப்பாளர் பெயரிலும் ட்ரைஃபாரிக்கு பேட்டன்ட்கள் உண்டு, அதனால் விற்பவர் வாய்வார்த்தை போதாது.

பிலிப்பின் கைத்தரத்துக்குக் காரணம் உண்டு. அவர் பாரிஸின் பூல் பள்ளியில் படித்தவர். நியூயார்க்கில் வில்லியம் ஷீர் பட்டறையில் கார்ட்டியே, வான் க்ளீஃப் நிறுவனங்களுக்கான அசல் வைர நகைகளில் வேலை செய்துவிட்டு 1930-இல் ட்ரைஃபாரிக்கு வந்தார், 1968 வரை இருந்தார். உயர்ரக நகையின் கல் பதிப்பை விலை குறைந்த கல்லில் செய்துகாட்டினார். 1953-இல் அமெரிக்க அதிபர் ஐசன்ஹோவரின் பதவியேற்பு விழா நடனத்துக்கு அவர் மனைவி மேமி அணிந்த செயற்கை முத்து நகையும் பிலிப்பின் வடிவமைப்புதான்.

மணிக்கோவை:
நன்றி. கல்லை உள்ளூர்ப் பத்தரிடம் கொடுத்து மாற்றலாமா?

முலாம்:
கொடுக்கலாம், ஆனால் "நெருப்பு காட்டாதீங்க, ஆசிட்டில் போடாதீங்க" என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். ஊதுகுழல் பக்கத்தில் வந்தாலே லூசைட் உருகிவிடும். அசிட்டோன், ஸ்பிரிட் பட்டால் அதில் மெல்லிய விரிசல்கள் ஓடும். ஒலி அதிர்வில் கழுவும் அல்ட்ராசோனிக் தொட்டியும் கூடாது. வெள்ளி பாலிஷ் போட்டுத் தேய்த்தால் முலாம் கிளம்பி வெள்ளி தெரியும்.

வீட்டிலேயே செய்வதென்றால், முதலில் கல்லைப் பசை பிடித்திருக்கிறதா, ஓரத்து உலோக மணி (குட்டி உருண்டை) பிடித்திருக்கிறதா என்று லூப்பில் பாருங்கள். மணி என்றால் பத்தர் வேலை. பசை என்றால் விழுந்த கல்லின் குழியை அளந்து, அதே அளவில் கூம்பு அடியுள்ள ஃபாயில் கல் வாங்குங்கள். 2 மி.மீ. குழிக்குப் பிபி 14 என்ற கல் அளவு எண் ஏறக்குறைய சரி. ஆழமும் முக்கியம், கல் உயரமாக நின்றால் துணியில் மாட்டிப் பிடுங்கிக்கொண்டு வரும். புதுக் கல் அப்பட்டமான வெள்ளையாகத் தெரியும், அதனால் உடைந்த பழைய நகையிலிருந்து எடுத்த கல்லே நன்றாகச் சேரும்.

இரண்டு டியூபிலிருந்து கலக்கும் எபாக்ஸிப் பசையை ஊசி முனையளவு மட்டும் குழியின் அடியில் வையுங்கள். அதிகம் வைத்தால் கல் மேலே தள்ளப்பட்டு ஓரத்தில் வழியும். 24 மணி நேரம் அசைக்காதீர்கள். ஃபெவிக்விக் வகைப் பசை வேண்டவே வேண்டாம், அதன் ஆவி பக்கத்துக் கற்களிலும் லூசைட்டிலும் வெள்ளையாகப் படியும்.

வார்ப்புக்காரர்:
ஊசிக் கீலில் பச்சைக் களிம்பு இருந்தால் பல்குச்சியால் உலர்வாகச் சுரண்டி எடுத்துவிட்டு, பிறகு கல் வேலையைத் தொடங்குங்கள்.