வெந்நீர் வரலை, பச்சைத் தண்ணிக்கே பழகிடலாமா? (அவசரம்)

புதுக்குடித்தனம்:
நேத்து ராத்திரியிலிருந்து வெந்நீர் வரலை, வீடும் சில்லுனு கிடக்கு. வீட்டு ஓனர் போன் எடுக்கலை. காலையில வேலைக்குப் போகணும். பச்சைத் தண்ணியில குளிச்சா உடம்பு பழகிடும்னு சொல்றாங்களே, எத்தனை நாள் ஆகும்?

அய்யாசாமி:
பழகும். குளிர்ந்த தண்ணி பட்டதும் மூச்சு திணறும், நெஞ்சு படபடக்கும். முதல் அரை நிமிஷம்தான் உச்சம், ரெண்டு மூணு நிமிஷத்தில் அடங்கிடும். மூணு நிமிஷம் வீதம் அஞ்சாறு தடவை முங்கி எழுந்தாலே அந்த அதிர்ச்சி பாதியாகும். முதல்ல கால், அப்புறம் கை, தோள், கடைசியா தலை. எடுத்த எடுப்பில் தலையில ஊத்தாதீங்க.

வல்லை வெளி:
மூச்சு பழகுறது வேற, உடம்பு சூடு தாங்குறது வேற. கொரியாவின் ஜேஜு தீவில கடலுக்குள்ள மூழ்கிச் சிப்பி எடுக்கிற பொம்பிளையள் மெல்லிய பருத்தி உடுப்போட மாரியிலயும் இறங்கினவை. அவைக்கு நடுக்கம் பிந்தித்தான் தொடங்கும். 1970களில ரப்பர் உடுப்புக்கு மாறினாப் பிறகு சில வருஷத்திலேயே அந்தத் தாங்குசக்தி போயிட்டுது. ஒரு கிழமைக் குளியலில அது வராது. இருதய வருத்தம், பிறஷர் உள்ளவை இதைத் தொடவே வேண்டாம்.

கம்பளிப்பூச்சி:
குளியலை விடுங்க, உடுப்பைப் பாருங்க. உடம்போட ஒட்டி பருத்தி பனியன் வேண்டாம். வேர்வையைப் பிடிச்சு வெச்சு குளிரவைக்கும். உள்ளே கம்பளி அல்லது பாலியஸ்டர் தெர்மல், நடுவில் ஃபிலீஸ் (மெத்துனு இருக்கிற செயற்கைத் துணி), மேலே காத்து புகாத ஜாக்கெட். சாக்ஸ் ரெண்டு போட்டு ஷூ இறுகினா ரத்த ஓட்டம் குறைஞ்சு கால் இன்னும் சில்லுனு ஆகும்.

அய்யாசாமி:
அவர் கேட்டது தண்ணியைப் பத்தி.

டீக்கடை:
இங்கே இங்கிலாந்துல ஒரே பேசினுக்கு ரெண்டு குழாய். ஒண்ணுல கொதிக்குது, இன்னொண்ணுல உறையுது. காஸ் பில்லைப் பார்த்தா ரெண்டையும் மூடி வெச்சிடத் தோணுது.

பைப் ரிஞ்ச்:
எந்த ஊர்னு யாராவது கேட்டீங்களா? தனி டாங்கா, சுவத்துல தொங்குற பாய்லரா? அதுல பிரஷர் முள் எங்கே நிக்குது? காஸ் மீட்டர் டாப்-அப் (முன்கூட்டியே பணம் போடுற) வகைன்னா முதல்ல பணம் இருக்கான்னு பாருங்க. புதுசா வந்தவங்க வீட்டுல இது நிறைய நடக்கும்.

புதுக்குடித்தனம்:
இங்கிலாந்துல லீட்ஸ். சமையலறையில வெள்ளைப் பெட்டி, டாங்க் இல்லை. முள் 0.3. மீட்டர்ல பணம் இருக்கு. வெளியே மைனஸ் 4.

பைப் ரிஞ்ச்:
அப்போ காம்பி பாய்லர், அதாவது டாங்க் இல்லாம குழாய்க்கு வெந்நீரும் வீட்டுக்குச் சூடும் ஒரே பெட்டியில தர்றது. முள் காட்டுற அழுத்தத்துக்கு அளவு பார். 1 பாருக்குக் கீழே போனா குறைவு, ரொம்ப இறங்கினா பல மாடல் நின்னுடும். அணைச்சு, ஆற விடுங்க. பெட்டிக்கு அடியில் பின்னல் போட்ட வெள்ளி நிற ஹோஸ், ரெண்டு பக்கமும் வால்வோட இருக்கும். ஒண்ணை முழுசா திறங்க, அடுத்ததை மெதுவா. முள் 1.2க்கு வந்ததும் ரெண்டையும் மூடி, ரீசெட் ஒரு தடவை. 3 பாரைத் தொட்டா சேஃப்டி வால்வு தண்ணியை வெளியே தள்ளிடும். சில மாடல்ல ஹோஸுக்குப் பதிலா லீவரோ சாவியோ இருக்கும், மேனுவல்ல படம் உண்டு.

ரெண்டு நாள்ல முள் திரும்ப இறங்கினா கசிவு இருக்கு, இல்லை உள்ளே எக்ஸ்பான்ஷன் வெசல் (சூடாகி விரியுற தண்ணிக்கு இடம் கொடுக்கிற கலம்) போயிருக்கு. சும்மா சும்மா தண்ணி நிரப்பினா புது ஆக்சிஜன் போய் ரேடியேட்டர் துருப்பிடிக்கும். பாய்லர் மூடியைக் கழட்டுறது கேஸ் சேஃப் (காஸ் வேலைக்கான அங்கீகாரப் பட்டியல்) பதிவுள்ளவர் மட்டும்தான்.

வல்லை வெளி:
பிறஷர் சரி, ஆனா களகளவெண்டு சத்தம் போட்டு நிண்டால், பாய்லரின்ர கழிவுத்தண்ணியைக் கொண்டு வெளிச்சுவரில போற வெள்ளை பிளாஸ்ரிக் குழாய் உறைஞ்சிருக்கும். இளஞ்சூட்டுத் தண்ணி ஊத்துங்கோ. கொதிதண்ணி ஊத்தினால் குழாய் வெடிக்கும்.

கம்பளிப்பூச்சி:
இன்னைக்குக் குளிக்க: வாளியில முதல்ல 10 லிட்டர் குழாய்த் தண்ணி, மேல கெட்டிலால மூணு தடவை கொதிக்க வெச்ச 5 லிட்டர். 38 டிகிரி பக்கம் வரும். வெறும் பிளாஸ்டிக் வாளியில கொதிநீரை முதல்ல ஊத்தாதீங்க.

பைப் ரிஞ்ச்:
வீட்டு ஓனருக்குத் தேதி, நேரம், முள் போட்டோவோட மெயில் அனுப்புங்க. 1985 வாடகைச் சட்டத்தின் 11ஆம் பிரிவுப்படி வெந்நீர், ஹீட்டிங் ரெண்டையும் சரிசெய்து தர்றது அவர் பொறுப்பு. நீங்களா ஆளைக் கூப்பிட்டுப் பணம் கட்டிடாதீங்க, திரும்ப வாங்குறது கஷ்டம்.