ஊர்க் குடிநீருக்கான கல்லூரித் திட்டத்தை நிலைநிறுத்துவது எப்படி?

கேள்வி – விரிவுரையாளர், பெருந்துறை:
அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் 2005-இல் தொடங்கிய அகுவாகிளாரா திட்டம், மின்சாரமின்றிப் புவியீர்ப்பால் இயங்கும் சுத்திகரிப்பு நிலையங்களை மாணவர்களைக் கொண்டு வடிவமைத்து, ஹோண்டுராஸ் நாட்டுச் சிற்றூர்களில் நடைமுறைக்குக் கொண்டுவந்திருக்கிறது. எங்கள் கல்லூரியிலோ நல்ல மாதிரிகள் உருவாகியும், அவற்றைச் செய்த மாணவர் அணி படிப்பை முடித்ததும் பரணுக்குப் போய்விடுகின்றன. இதைத் தொடர்ந்து வளரும் திட்டமாக்க என்ன வழி?

மறுமொழி – பவானி:
ஐயா, இரண்டாமாண்டு மாணவர்களையும் அணியில் சேர்த்து, ஒவ்வொரு பருவமும் முந்தைய அணியின் அறிக்கையிலிருந்தே தொடங்கச் செய்யுங்கள். எங்கள் ஊர் நிலையப் பணியாளர், ஆறு செந்நிறமாகப் பெருகும் நாள்களில் தண்ணீரைக் கண்ணாடிக் குவளையில் பிடித்து, வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துத்தான் கலங்கலைப் படியவைக்கும் படிகாரத்தின் அளவைக் கூட்டுவார். அந்தக் கைப்பழக்கத்தை மாணவர்கள் அருகிலிருந்து கற்க வேண்டும்.

மறுமொழி – காங்கேயம்:
ஊரைத் தேர்வதில் கவனம் தேவை. அகுவாகிளாரா வடிவமைப்பு ஆற்று நீரின் கலங்கலை நீக்குமே தவிர, கரைந்த உப்பை நீக்காது. இந்தியத் தரநிலைப்படி குடிநீரில் உப்பு உள்ளிட்ட கரைந்த திடப்பொருள் லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும். வேறு நீராதாரம் இல்லாதபோது மட்டுமே 2000 வரை ஏற்கலாம். சாயக்கழிவால் உப்பேறிய நொய்யலோரக் கிணறுகளுக்கு இது உதவாது என்பது எனக்கு வருத்தமே. ஓடைநீரை நம்பியுள்ள மலையூர்களில் தொடங்குங்கள்.

கேள்வி கேட்டவர்:
இருவருக்கும் நன்றி. பவானி ஐயா, அந்தப் பணியாளரை வரும் பருவத்தில் எங்கள் வகுப்புக்கு அழைக்க விரும்புகிறேன்; அவரிடம் கேட்டுச் சொல்ல முடியுமா?