வரிக்கணக்கு உதவி மையத்துக்குத் தன்னார்வலர்கள் தேவை

வணக்கம். அமெரிக்காவில் குறைந்த சம்பளக் குடும்பங்களுக்கு இலவசமாக வரிக்கணக்குத் தாக்கல் செய்துதரும் எங்கள் வீட்டா (VITA, தன்னார்வ வரி உதவித் திட்டம்) மையத்துக்கு ஆள் வேண்டும். ஐ.ஆர்.எஸ். (அமெரிக்க வரித்துறை) ஆன்லைன் தேர்வில் பேசிக் நிலை தேறினால் போதும். தமிழ் தெரிந்தால் பெரிய உதவி.

முக்கிய வேலை, ஈர்ன்ட் இன்கம் டாக்ஸ் கிரெடிட், அதாவது குறைந்த சம்பளத்தில் வேலை செய்பவர்களுக்கு அரசு தரும் வரிச் சலுகையை வாங்கித்தருவது. 2025 கணக்குக்கு 3 பிள்ளைகள் இருந்தால் அதிகபட்சம் 8,046 டாலர். பிள்ளை இல்லையென்றால் 649. கட்டவேண்டிய வரி பூஜ்யம் என்றாலும் தாக்கல் செய்தால்தான் பணம் வரும். பலர் இங்கேதான் கோட்டை விடுகிறார்கள். பிப்ரவரி நடுவுக்கு முன் ரீஃபண்ட் வராது, அதையும் முதலிலேயே சொல்லிவிடுங்கள். இல்லாவிட்டால் தினமும் போன்தான்!

சிக்கல் பிள்ளை விஷயத்தில். பிரிந்து வாழும் அப்பா முந்திக்கொண்டு பிள்ளையைத் தன் கணக்கில் காட்டிவிட்டால், அம்மாவின் இ-ஃபைல் (ஆன்லைன் தாக்கல்) ஏற்கப்படாமல் திரும்பிவிடும். அம்மா ஐபி பின் (அடையாளத்தைக் காக்க ஐ.ஆர்.எஸ். தரும் ரகசிய எண்) வாங்கிச் சேர்த்தால் மறுபடி அனுப்பலாம். பிள்ளை பாதி ஆண்டுக்கு மேல் அம்மாவுடன் இருந்ததற்கு ஐ.ஆர்.எஸ். ஆதாரம் கேட்டால், பள்ளிக் கடிதம் கைகொடுக்கும். அதில் முகவரியும் தேதிகளும் இல்லாவிட்டால் பயனில்லை. இந்தக் கடிதங்களை வாங்கித்தர இருவர் தனியாக வேண்டும்.

சனிக்கிழமை காலை வர முடிந்தவர்கள் கமெண்டில் சொல்லுங்கள்.