இரு/அரு, ஹூ/விச்: உயிருள்ளது என்று எதை வைத்து முடிவு செய்வது?

என்4_தேர்வர்:
ஜப்பானிய மொழியில் 'இருக்கிறது' என்று சொல்ல உயிருள்ளதற்கு 'இரு', உயிரில்லாததற்கு 'அரு' என்று பாடத்தில் இருக்கிறது. மரத்துக்கும் உயிர் உண்டே, அதற்கு ஏன் அரு? மீனுக்கு இரண்டுமே வருகிறது. ஆங்கிலத்தில் நாய்க்கு ஹூவா விச்சா என்பதிலும் இதே குழப்பம்.

திணைவழு:
உயிரை விடுங்கள், தானாக நகருமா என்று பாருங்கள். ஆள், நாய், கொசு, பேய்கூட இரு. மரம், பூ, பிணம் அரு. மீன் தொட்டியில் நீந்தினால் 'சகானா கா இரு'. கடையில் ஐஸ் மேல் கிடந்தால் 'சகானா கா அரு'. டாக்சி ஓட்டுநரோடு சவாரிக்கு நின்றால் அதற்கும் இரு போடுவார்கள்.

நம்மவர்கள் சறுக்குவது வேறொரு இடத்தில். தமிழ் 'இரு' எல்லாவற்றுக்கும் பொது. அந்தப் பழக்கத்தில் 'ஹொன் கா இரு' என்றால் 'புத்தகம் வேண்டும்' என்றுதான் கேட்பவர் எடுத்துக்கொள்வார். 'வேண்டும்' என்பதற்கும் அங்கே 'இரு' என்றே ஒரு வினை உண்டு. மரியாதை வடிவில் இரண்டும் பிரிந்துவிடும்: இருப்பதற்கு இமாஸ், வேண்டுவதற்கு இரிமாஸ். எதிர்மறையில் இரு 'இனை' ஆகும், அரு வெறும் 'நை' ஆகும். 'அரனை' என்று கட்டிவிடாதீர்கள்.

பழைய எழுத்தில் 'மனைவி உண்டு', 'பிள்ளை உண்டு' என்பதற்கு அரு வரும். பிழையல்ல. நீங்கள் இரு எழுதுங்கள்.

பிழைதிருத்தி:
ஆங்கிலத்தில் 'தேர் இஸ்' நாய்க்கும் நாற்காலிக்கும் ஒன்றுதான். பிரதிப்பெயரில்தான் சிக்கல். அசோசியேட்டட் பிரஸ் செய்தி நிறுவனத்தின் நடைக்கையேட்டின்படி, பெயர் இருந்தாலோ ஆணா பெண்ணா என்று தெரிந்தாலோதான் விலங்குக்கு ஹி, ஷி, இல்லாவிட்டால் இட். 'தி டாக் தட் பார்க்ட்', ஆனால் நாயின் பெயரைச் சொன்னால் 'டைகர், ஹூ பார்க்ட்'. எதை எடுத்தாலும் கட்டுரை முடியும்வரை மாற்றாதீர்கள். முதல் பத்தியில் இட், மூன்றாவதில் ஹி என்பதைத்தான் நான் அதிகம் திருத்துகிறேன். கைக்குழந்தையை இட் என்பது இலக்கணப்படி சரி, பெற்றோர் காதில் விழாமல் சொல்லுங்கள். 'ஹூஸ்' மட்டும் பொருளுக்கும் வரும்: 'எ ஹவுஸ் ஹூஸ் ரூஃப் லீக்ஸ்'.

கணவாய்க்காரன்:
ஜப்பானியத்தில் எண்ணும்போதும் இது வரும். எண்ணோடு, எண்ணப்படுவதற்கு ஏற்ப ஒரு சொல் ஒட்டும்: பூனை ஹிக்கி, மாடு தோ, பறவை வா. முயலுக்கும் ஏனோ வா. ஒலியும் மாறும்: ஒன்று, இரண்டு, மூன்றுக்கு இப்பிக்கி, நிஹிக்கி, சம்பிக்கி. ஊசிக்கணவாய் உயிரோடு இருந்தால் ஹிக்கி, மீன்கடைக்கு வந்துவிட்டால் ஹாய்.

உயர்திணை, அஃறிணையை இங்கே கொண்டுவராதீர்கள், நாயும் மரமும் ஒரே பக்கம் போய்விடும். உருபைப் பாருங்கள்: நாயிடம், கொசுவிடம், பேயிடம், ஆனால் மரத்தில், பூவில். 'இடம்' ஒட்டினால் இரு, 'இல்' ஒட்டினால் அரு. பெரும்பாலும் ஒத்துவரும்.

என்4_தேர்வர்:
நன்றி. அப்போது பஸ்ஸுக்கு?

திணைவழு:
'ராத்திரி பத்து மணிக்கு பஸ் உண்டா' என்றால் அரு. டிப்போவில் பூட்டிக் கிடந்தாலும் அரு. ஓட்டுநரோடு எதிரே நிற்பதைக் காட்டினால் இரு.