எடைமேடைக் கணினியில் ஒட்டியிருந்த கடவுச்சொல்: உள்நுழைவு அனுபவங்கள்

காவேரிப்பட்டினம் உறுப்பினர்:

மாம்பழக்கூழ் ஆலை ஒன்றின் கணினிப் பிரிவைக் கவனித்து வருகிறேன். பெங்களூரா காய் வரத் தொடங்கிவிட்டால் வாசலில் லாரிகளும் டிராக்டர்களும் இரவு பகலாக வரிசை கட்டி நிற்கும் என்பதால், எடைமேடைக்கும் கணக்குப் பிரிவுக்கும் சீசன் ஆட்களைச் சேர்ப்பது வழக்கம். நான் பொறுப்பேற்ற நாளில் அவர்கள் அனைவரும் எஸ்க்யூஎல் சர்வர் என்ற தரவுத்தள மென்பொருளின் தலைமைக் கணக்கான ‘எஸ்ஏ’ வழியாகவே நுழைந்துகொண்டிருந்தனர். மென்பொருளை நிறுவியவர்கள் அப்படித்தான் விட்டுச் சென்றிருந்தார்கள். கடவுச்சொல் எடைமேடைக் கணினியின் திரையோரத்திலேயே ஒட்டப்பட்டிருந்தது.

ஒரு விவசாயியின் கையிலிருந்த எடைச்சீட்டுக்கும் பட்டுவாடாப் பட்டியலுக்கும் எடை ஒத்துப்போகாதபோதுதான் இதன் விளைவு தெரிந்தது. பதிவு பின்னர் திருத்தப்பட்டிருந்தது. திருத்தியவர் என்ற இடத்தில் ‘எஸ்ஏ’ என்றிருந்தது. சீட்டின்படி பணம் கொடுத்து நிர்வாகம் விவகாரத்தை முடித்தது, ஆனால் திருத்தியது யார் என்பது இன்றுவரை தெரியாது. 2023 ஏப்ரல் 1 முதல் நிறுவனங்களின் கணக்கு மென்பொருள் ஒவ்வொரு மாற்றத்தின் தடத்தையும் பதிந்து வைக்க வேண்டும் என்று விதி இருக்கிறது. எல்லோரும் ஒரே பெயரில் நுழைந்தால் அந்தத் தடத்தைப் பார்த்து என்ன பயன் என்று தணிக்கையாளரும் கேட்டார். நியாயமான கேள்விதான்.

ஆகவே விண்டோஸ் அங்கீகார முறைக்கு மாறினோம். ஊழியர் தம் பெயரில் கணினியில் நுழைந்தாலே போதும், தரவுத்தளம் தனிக் கடவுச்சொல் கேட்பதில்லை. சீசன் முடிந்ததும் டொமைனில், அதாவது எல்லாக் கணினிகளின் பயனர் கணக்குகளையும் ஒரே இடத்தில் நிர்வகிக்கும் அமைப்பில், அவர் கணக்கை முடக்கினால் எல்லாக் கதவும் ஒருசேர அடைபடுகிறது. எஸ்ஏ கணக்கை உடனே முடக்காமல் முதலில் அதன் கடவுச்சொல்லை மட்டும் மாற்றிவிட்டு, சர்வரின் பிழைப் பதிவேட்டைக் கவனித்தேன். உள்நுழைவு தோல்வியைக் குறிக்கும் 18456 என்ற பிழை நிமிடந்தோறும் விழுந்தது. பயனருக்குத் தெரியும் செய்தியில், காரணத்தைக் காட்டும் நிலை எண் எப்போதும் 1 என்றே வரும், வெளியாள் காரணத்தை ஊகிக்கக்கூடாது என்பதற்கான ஏற்பாடு அது. உண்மையான எண் பதிவேட்டில்தான் இருக்கும். 5 என்றால் அப்படியொரு கணக்கே இல்லை, 8 என்றால் கடவுச்சொல் தவறு. எங்களுக்கு விழுந்தது 8. கூடவே பதிவாகியிருந்த ஐபி முகவரியைத் தேடிப் போனால், எல்லோரும் மறந்துபோயிருந்த பழைய சீட்டு அச்சிடும் நிரல் ஒன்று எடைமேடையில் பழைய கடவுச்சொல்லோடு தட்டிக்கொண்டே இருந்தது. அதற்குக் குறைந்த உரிமையுள்ள தனிக் கணக்கு கொடுத்த பிறகே எஸ்ஏவை முடக்கினேன்.

தருமபுரி உறுப்பினர்:

விண்டோஸ் முறைக்கு மாறுபவர்கள் கணினிக் கடிகாரத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள். எங்கள் மரவள்ளிக்கிழங்கு ஆலையில் மின்தடைக்குப் பின் ஒரு கணினி மட்டும் ‘எஸ்எஸ்பிஐ’ (விண்டோஸின் அடையாளச் சரிபார்ப்பு இடைமுகம்) என்ற சொல் வரும் பிழையைக் காட்டி மென்பொருளைத் திறக்க மறுத்தது. கடவுச்சொல் சரி, கேபிளும் சரி. மதர்போர்டு பேட்டரி தீர்ந்துபோய்த் தேதி பல ஆண்டுகள் பின்னால் போயிருந்தது. டொமைனில் அடையாளத்தைச் சரிபார்க்கும் கெர்பரோஸ் முறை, இயல்பமைப்பில் 5 நிமிட வேறுபாடு வரைதான் பொறுத்துக்கொள்ளும். பேட்டரியை மாற்றி நேரத்தைச் சரிசெய்ததும் திறந்துவிட்டது.

ஓசூர் உறுப்பினர்:

எங்களைப் போல டொமைன் இல்லாத சிறிய பட்டறைகளுக்கு, ஆளுக்கொரு எஸ்க்யூஎல் கணக்கு என்பதே நடைமுறைக்கு ஒத்துவரும் என்பது என் கருத்து. ஆனால் சர்வரை மாற்றும்போது ஒரு சிக்கல் உண்டு. பேக்கப்பைப் புதிய சர்வரில் ஏற்றி, அதே பெயர்களில் கணக்குகளை உருவாக்கியும் ஊழியர் எவராலும் தரவுத்தளத்துக்குள் போக முடியவில்லை. நுழைவுக் கணக்கு சர்வரிலும் பயனர் பதிவு தரவுத்தளத்திலும் தனித்தனியே இருக்கின்றன. இரண்டையும் இணைப்பது பெயர் என்றுதான் பலரும் நினைக்கிறோம், உண்மையில் இணைப்பது ‘எஸ்ஐடி’ என்ற உள் அடையாள எண். புதிய கணக்குக்குப் புதிய எண் கிடைப்பதால் பழைய பயனர் பதிவு அநாதையாக நின்றுவிடுகிறது. ‘ஆல்டர் யூசர்’ கட்டளையால் ஒவ்வொரு பயனரையும் அவரவர் கணக்கோடு மீண்டும் இணைத்தோம். அடுத்த முறை பழைய சர்வரின் எஸ்ஐடியைக் குறிப்பிட்டே கணக்குகளை உருவாக்கினோம், அந்த வேலையே மிச்சமாயிற்று.