மணிவிழா ஆல்பத்துக்கு எந்த ரிப்பன்?

காரைக்குடிப் பொண்ணு:
அப்பச்சி மணிவிழாவுக்குப் பழைய படங்களை ஒட்டி ஸ்கிராப்புக் செய்கிறேன். மேலட்டையில் ஆத்தங்குடித் தரைக்கல்லில் வரும் பூ வரைந்தாச்சு. கட்டுவதற்கு சாட்டின் ரிப்பன் வாங்கினேன். ஃபெவிகால் பட்ட இடத்தில் ஈரத்திட்டு தெரிகிறது, முனையும் நூல் நூலாகப் பிரிகிறது. என்ன செய்யலாம்?

கத்தரிக்கோல்:
சாட்டினுக்கு டபுள் சைடு டேப்தான். முனையைச் சாய்வாக வெட்டி, மெழுகுவர்த்திச் சுடரின் பக்கவாட்டில் ஒரு நொடி காட்டுங்கள். பாலியெஸ்டர் என்றால் உருகி அடைத்துக்கொள்ளும்.

தேவகோட்டை ஆச்சி:
சாட்டின் எதற்கு ஆத்தா? நம் செட்டிநாட்டுக் கண்டாங்கிச் சேலைக்கு 2019-லேயே புவிசார் குறியீடு கிடைத்தாச்சு. பழைய சேலை கிழிந்திருந்தால் அதன் கரையை நீளவாக்கில் ஒரு விரல் அகலத்துக்கு வெட்டு. நெய்த ஓரம் ஒரு பக்கம் பிரியாது. வெட்டிய பக்கத்தில் தண்ணீர் கலந்த ஃபெவிகாலை விரலால் இழுத்துக் காயவிடு. இது பருத்தி, தீயில் காட்டினால் கருகிவிடும். கஞ்சி போட்டு இஸ்திரி செய்தால் விறைப்பாக நிற்கும். சாயம் போகிறதா என்று முதலில் நனைத்துப் பார்த்துக்கொள். அப்படியும் படத்தின் மேல் நேராகப் படவிடாதே. பூமுடிச்சை நடுவில் போடாமல் ஓரமாகப் போடு, நடுவில் இருந்தால் பக்கங்கள் அமுங்காது. அந்தப் பளபள பிளாஸ்டிக் ரிப்பன் பரிசுப் பொட்டலத்துக்குச் சரி, ஆல்பத்துக்கு வேண்டாம்.

காரைக்குடிப் பொண்ணு:
நன்றி ஆச்சி. அப்பத்தாவின் அரக்குக் கண்டாங்கி ஒன்று பெட்டியில் இருக்கிறது. கத்தரிக்கோலை எடுக்க ஆத்தா விடணுமே!