பேட்டி எடுத்துவிட்டால் அது வரலாறு ஆகிவிடுமா?

பழுப்பேடு:
இலக்கியம், வரலாறு போன்றவற்றைக் கணினி கொண்டு ஆராயும் டிஜிட்டல் ஹியூமானிட்டீஸ் துறையின் முன்னோடிகளிடம் ஜூலியான் நைஹனும் ஆண்ட்ரூ ஃப்ளினும் எடுத்த நேர்காணல்கள் 2016-இல் தொகுப்பாக வந்தன. படித்து முடித்தேன். பலரும் சொல்லிவைத்த மாதிரி, தங்களைத் துறையில் யாரும் மதிக்கவில்லை என்கிறார்கள். கேம்பிரிட்ஜில் 1960-களின் முற்பாதியிலேயே இதற்கென்று ஒரு மையம் தொடங்கியாயிற்று, 1966-இல் தனி ஆய்விதழ், 1973-இல் சங்கம். ஒதுக்கப்பட்டவர்களுக்கு இவ்வளவு வாய்த்ததா? வயதானபின் சொல்லும் வீரக்கதை இது.

துளையட்டை:
காகிதத்தை மட்டும் நம்பினால் யார் மிஞ்சுவார்? பாதிரியார் ரொபெர்த்தோ பூசாவும் ஐபிஎம் எந்திர நிறுவனத்தின் தலைவர் வாட்சனும் 1949-இல் சந்தித்த கதைதான் மிஞ்சும். பூசா செய்தது இடைக்கால இறையியலாளர் தாமஸ் அக்வினாஸின் எழுத்துக்குச் சொல்லடைவு, அதாவது எந்தச் சொல் எங்கே வருகிறது என்ற பட்டியல்; ஒரு கோடிச் சொல்லுக்கு மேல், அச்சில் 56 தொகுதிகள். எந்திரம் படிப்பதற்காக அத்தனை சொல்லையும் அட்டையில் துளைகளாகப் பதித்தது யார்? இத்தாலியின் கல்லாராத்தேயில் வேலைக்கு அமர்ந்த இளம்பெண்கள். பெரும்பாலானோருக்கு லத்தீன் தெரியாது. ஒருத்தி 80 நெடுவரிசை கொண்ட அட்டையில் துளைப்பாள். அதே வரியை இன்னொருத்தி சரிபார்ப்பு எந்திரத்தில் மறுபடி தட்டுவாள், எழுத்து மாறினால் எந்திரம் நின்றுவிடும். புகைப்படங்களில் முகம் இருக்கிறது, பெயர் இல்லை. நைஹன் தேடிப்போய்ப் பேசியதால்தான் அவர்கள் குரல் பதிவானது.

பழுப்பேடு:
ஐம்பது வருஷம் கழித்த நினைவு ஐயா! இத்தாலியின் தெர்னி நகரத்துக் கதை தெரியுமில்லையா? எஃகுத் தொழிலாளி லுயிஜி த்ரஸ்துல்லி 1949-இல் நேட்டோ எதிர்ப்புப் போராட்டத்தில் போலீஸ் சுட்டு இறந்தார். ஊர்க்காரர்கள் பலர் அதை 1953 ஆட்குறைப்புக் கலவரத்தில் நடந்ததாகவே வாய்மொழி வரலாற்றாய்வாளர் அலெஸ்ஸாந்த்ரோ போர்த்தெல்லியிடம் சொன்னார்கள். நாலு வருஷம் தள்ளிப்போய்விட்டது.

கூழாங்கல்:
குறுக்கே வருகிறேன். போர்த்தெல்லி அந்தப் பிழையைத் தூக்கிப் போடவில்லையே. கண்முன் ஒருவன் செத்தும் பதிலுக்கு ஒன்றும் செய்ய முடியாத அவமானம், சண்டை நடந்த வருஷத்துக்குச் சாவை நகர்த்தியது என்றார். உங்கள் முன்னோடிகளையும் அப்படிப் படியுங்கள். சங்கமும் இதழும் கையில் இருந்தும் ஏன் ஒதுக்கப்பட்டதாகவே நினைக்கிறார்கள்? கேள்வி அங்கேதான் தொடங்குகிறது.

பழுப்பேடு:
1949 என்று எழுதிவைத்த காகிதம் இருந்ததால்தான் 1953 பிழை என்றே அவருக்குத் தெரிந்தது. கல்லாராத்தேப் பெண்களுக்கு அந்தக் காகிதம் எங்கே?

துளையட்டை:
நல்ல அடி, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்தப் பெண்களிடம் வருஷத்தை ஏன் கேட்க வேண்டும்? பூசாவின் ஆவணங்கள் மிலான் கத்தோலிக்கப் பல்கலைக்கழகத்தில் இருக்கின்றன, படங்களும் சேர்த்து. ஒரு படத்தை முன்னால் வைத்து, இந்த மேசையில் யார் உட்கார்ந்தார்கள், எந்திரம் நின்றால் அட்டை யாரிடம் திரும்பிப்போகும் என்று தனித்தனியாகக் கேட்கலாம். நாலு பேர் சொல்வது பொருந்துகிறதா என்று பார்க்கலாம். தேதி மறந்துபோகும். கை பழகிய வேலை அவ்வளவு சீக்கிரம் மறக்காது.

பழுப்பேடு:
மேசைவரை சரி. முன்னோடிகள் விஷயத்தில் நான் சொன்னது சொன்னதுதான்.